ஒரு தாள், ஒரு பென்சில், நெவில் குடும்பம்: ரோஜாப் போர்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யார்க், லங்காஸ்டர் என்ற இரண்டு அரச கிளைகள் அரியணைக்காக மோதிக்கொண்டதுதான் ரோஜாப் போர்கள். அதைப் படிக்க உட்கார்ந்தால் பத்தாவது பக்கத்திலேயே தலை சுற்றும். ரிச்சர்டு, எட்வர்டு, ஹென்றி என்று மூன்றே பெயர்களை வைத்துக்கொண்டு ஊரையே நிரப்பியிருப்பார்கள். நானும் போர்களின் பட்டியலை மனப்பாடம் செய்து பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டுக்குப் போனாள் என்று வரைந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. அங்கே கொள்வினை கொடுப்பினைதான் அரசியல்.

ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். பென்சில், அழிப்பான், ஒரு சிவப்புப் பேனா போதும்.

படி 1: பெயரோடு பட்டத்தையும் எழுதுங்கள்

அரசருக்கு அடுத்து டியூக், மார்க்விஸ், எர்ல், வைகவுண்ட், பாரன் என்று வரிசை. ஒரே பட்டம் வேறு குடும்பத்துக்குக் கைமாறும் என்பதால் பக்கத்தில் ஆண்டையும் குறித்துவிடுங்கள்.

படி 2: உச்சியில் ரால்ஃப் நெவில்

1397இல் வெஸ்ட்மோர்லாண்டு எர்ல் ஆனவர். இடது பக்கம் மூத்த தாரம் மார்கரெட் ஸ்டாஃபர்டு, வலது பக்கம் இளைய தாரம் ஜோன் போஃபோர்ட். பிள்ளைகள் இருபதுக்கும் மேல், எல்லாரையும் வரையப் போனால் தாள் தாங்காது. இடது பக்கம் ஒரே ஒரு கோடு இழுத்தால் போதும். வலது பக்கம் ரிச்சர்டு, செசிலி என்ற இருவரை மட்டும் இறக்குங்கள்.

ஜோன், நான்காம் ஹென்றி அரசருக்குச் சகோதரி, தந்தை ஒருவரே, தாய் வேறு. அந்தச் செல்வாக்கில் மிடில்ஹாம், ஷெரிஃப் ஹட்டன் போன்ற முக்கியச் சொத்துகள் இளைய தாரத்தின் பிள்ளைகளுக்குப் போயின. மூத்த தாரத்தின் வழிக்குப் பட்டம் மிஞ்சியது. அப்புறம் என்ன, பங்காளிச் சண்டைதான்.

படி 3: பெண் வாரிசுகளைச் சிவப்பில் சுழியுங்கள்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. மூத்த மகனுக்கே சொத்து. மகன் இல்லையென்றால் மகள்களுக்குப் பங்கு, அதை ஆள்வது கணவன். வலது பக்கத்து ரிச்சர்டு, மனைவி ஆலிஸ் மாண்டகு வழியாகத்தான் சாலிஸ்பரி எர்ல் ஆனார். ஆலிஸுக்கு ஒரு சிவப்புச் சுழி.

இவர்களுடைய மகன் பெயரும் ரிச்சர்டுதான். இவருக்குச் சிறுவயதிலேயே பியூசாம்ப் குடும்பத்தோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். இவருடைய சகோதரி அந்த வீட்டு மகன் ஹென்றிக்கு, அந்த வீட்டுப் பெண் ஆன் இவருக்கு. ஹென்றி பியூசாம்ப் 1446இல் இறந்தார், அவருடைய குழந்தை மகளும் 1449இல் இறந்தாள். மிச்சம் நான்கு சகோதரிகள். அதில் மூவர் மூத்த தாரத்தின் மகள்கள், ஆன் மட்டும் ஹென்றியின் உடன்பிறந்தவர். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவருக்கே உரிமை என்ற சட்ட விதியால் பெரும்பகுதி ஆனுக்கு வந்தது. இருபது வயதில் கணவர் வாரிக் எர்ல் ஆகிவிட்டார்.

அக்காமார் சும்மா இருப்பார்களா? அவர்களில் எலினோரின் கணவர் சாமர்செட் டியூக், அதாவது வாரிக்கின் சகலை. இருவருக்கும் நடுவில் ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். மனைவி வழியில் வாரிக் வைத்திருந்த கிளாமர்கனின் பொறுப்பு 1453இல் சாமர்செட்டுக்குத் தரப்பட்டது. வாரிக் நேரே யார்க் டியூக்கின் பக்கம் சாய்ந்தார். யார்க் வேறு யாருமில்லை, செசிலியின் கணவர், வாரிக்குக்கு மாமா. 1455 மே 22 அன்று செயிண்ட் ஆல்பன்ஸில் நடந்த சண்டையில் சாமர்செட் கொல்லப்பட்டார்.

படி 4: பகைவீடு

தாளின் ஓரத்தில் பெர்சி என்று எழுதுங்கள், நார்தம்பர்லாண்டு எர்ல்களின் குடும்பம். 1453 ஆகஸ்டில் யார்க் நகருக்கு அருகே ஹெவொர்த்தில் ஒரு நெவில் கல்யாணக் கூட்டத்தை வழிமறித்தார்கள். மணப்பெண் மாட் ஸ்டான்ஹோப் க்ராம்வெல் பிரபுவின் வாரிசு. பெர்சிகள் முன்பு இழந்த ரெசில் கோட்டை அந்தப் பிரபுவிடம்தான் இருந்தது. மீண்டும் சிவப்புச் சுழி!

படி 5: ஆட்கள்

ஆண்டுத் தொகை கொடுத்து, ஒப்பந்தம் எழுதி, சின்னம் அணிவித்து ஆள் சேர்த்தார்கள். வாரிக்கின் சின்னம் கரடியும் கணுக்கட்டையும். அதற்கான காசு படி 3இல் வந்த நிலத்திலிருந்துதான்.

படி 6: வரைந்ததைச் சோதியுங்கள்

யார்க்கின் மகன் நான்காம் எட்வர்டு 1461இல் அரசரானார். வாரிக்குக்கு அத்தை மகன். 1464இல் எலிசபெத் வுட்வில்லை ரகசியமாக மணந்தார், அவளுடைய சகோதரிகளுக்கு நாட்டின் நல்ல வாரிசு மாப்பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். வாரிக்கின் இன்னொரு அத்தை, அறுபது தாண்டிய கேத்தரினுக்கே இருபது வயது வுட்வில் பையன் மாப்பிள்ளை. இப்போது தாளின் அடிவரிசையைப் பாருங்கள். வாரிக்குக்கு மகன் இல்லை, இசபெல், ஆன் என்று இரண்டு மகள்கள்.

1469இல் போப்பின் அனுமதி வாங்கி, அரசரின் தம்பி கிளாரன்ஸுக்கு இசபெல்லைக் கொடுத்தார் வாரிக். அடுத்த ஆண்டு ஆன், எதிர்க்கட்சியான லங்காஸ்டர் அரசர் ஆறாம் ஹென்றியின் மகனுக்கு. 1471 ஏப்ரல் 14 அன்று பார்னெட் போரில் வாரிக் செத்தார். விதவையான இளைய மகளைக் கிளாரன்ஸின் தம்பி குளோஸ்டர் மணந்தார். பின்னாளில் மூன்றாம் ரிச்சர்டு ஆனவர் இவர்தான்.

சொத்தைப் பிரிக்கப் பெரிய தடை மாமியார் ஆன் பியூசாம்ப். 1474இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது, உயிரோடு இருப்பவரை இறந்தவராகக் கருதிச் சொத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று.

கடைசியாக, அவர் பெயருக்குக் கீழே 1492 என்று எழுதுங்கள். உண்மையில் அவர் இறந்தது அப்போதுதான். இரண்டு மகள்களுக்கும் இரண்டு மருமகன்களுக்கும் நீங்கள் எழுதப்போகும் ஆண்டுகள் எல்லாமே அதற்கு முந்தியவை: 1476, 1478, 1485, 1485.