டேப்லெட்டுக்குச் சார்ஜர் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் நான் வேலை பார்க்கும் சர்வீஸ் கடையில் இரண்டு பையன்கள் புதிதாகத் தொழில் கற்கிறார்கள். டேப் வந்தால் கைக்கு எட்டிய சார்ஜரை மாட்டுகிறார்கள். திரையில் மின்னல் குறி தெரிந்தால் "ஏறுதுண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். புதிதில் நானும் அப்படித்தான். கடையில் சார்ஜர் வாங்குகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். ஈரக்கை, தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

பின் மாட்டினால் சரி என்று முடிவு கட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். டைப்-சி வந்த பிறகு எதுவும் எதிலும் மாட்டும். ஆனால் மாட்டியதாலேயே டேப்புக்கு வேண்டிய மின்சாரம் வந்துவிடாது.

திருமங்கலத்திலிருந்து ஒரு அக்கா மகளின் டேப்பைக் கொண்டுவந்தார். காலையில் சார்ஜ் போட்டால் மதியம் கழிந்தும் நிறைவதில்லை. சார்ஜில் போட்டபடி ஆன்லைன் கிளாஸ் பார்த்தாலோ ஏறுவதே இல்லை. வேறொரு கடையில் பேட்டரி போய்விட்டது என்று 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு புது பேட்டரி போட்டிருக்கிறார்கள். அப்புறமும் அதே கதை. எந்தச் சார்ஜரில் போடுகிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு பழைய போனின் குட்டிச் சார்ஜரை எடுத்துக் காட்டினார். கம்பெனி சார்ஜர் எங்கே? "அது கெட்டுப் போயிரக் கூடாதுன்னு பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன் தம்பி."

அந்தக் குட்டிச் சார்ஜரில் இருந்தது 5 வோல்ட், 1 ஆம்பியர். பெருக்கினால் 5 வாட். டேப்பின் பேட்டரியோ 7,040 எம்ஏஎச், அதாவது ஏறக்குறைய 27 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும் அளவு (27 வாட்-அவர்). வழியில் வீணாவதையும் சேர்த்தால், திரையை அணைத்து வைத்தாலும் பேட்டரி நிறைய ஆறு மணி நேரம் போதாது. வீடியோ ஓடினால் வருகிற 5 வாட்டில் பெரும்பகுதியைத் திரையே தின்றுவிடும். சார்ஜருக்கும் டேப்புக்கும் இடையில், எவ்வளவு மின்சாரம் போகிறது என்று காட்டும் ஒரு யுஎஸ்பி மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பேட்டரியை மாற்றிய மகராசன் அதைச் செய்யவில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் சிலர் நேரே போய், 65 வாட் என்று பெரிதாக அச்சடித்த போன் சார்ஜரை வாங்கிவிடுகிறார்கள். சில போன் கம்பெனிகள் தங்களுக்கென்று தனி சார்ஜிங் முறை வைத்திருக்கின்றன. அந்த 65 அவர்களுடைய போனுக்கு மட்டும்தான். அந்த முறை மட்டுமே தெரிந்த சார்ஜரை வேறு டேப்பில் மாட்டினால் பழைய 5 வோல்ட்டுக்கே இறங்கிவிடும். எனவே பெட்டியில் உள்ள பெரிய எழுத்தை விட்டுவிட்டு, சார்ஜரின் மேலுள்ள பொடி எழுத்தில் 'அவுட்புட்' வரியைப் படியுங்கள். பவர் டெலிவரி, அதாவது டேப்போடு பேசி வோல்ட்டை முடிவு செய்யும் பொது முறையான பி.டி. சார்ஜர் என்றால் 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.22 ஆம்பியர் என்பதுபோல வரிசையாக இருக்கும். இதில் பெரியதைப் பெருக்கினால் 20 வாட். பத்தாம் தலைமுறை ஐபேடுக்கு இது போதும். கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் 15 வாட்டுக்கு மேல் எடுக்காது, அதற்கு 45 வாட் வாங்குவது வீண்செலவு. கேலக்ஸி டேப் எஸ்9 45 வாட் வரை எடுக்கும். ஆனால் அதற்குச் சார்ஜரில் பி.பி.எஸ். வசதி (டேப் கேட்கிறபடி வோல்டேஜைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைப்பது) வேண்டும், கேபிளும் 5 ஆம்பியர் தாங்க வேண்டும்.

வாட் கூடினால் வெடிக்கும் என்று பயப்படுவது

வெடிக்காது. டேப் கேட்பதைத்தான் நல்ல பி.டி. சார்ஜர் கொடுக்கும். லேப்டாப்பின் டைப்-சி சார்ஜரையே போடலாம்.

உருண்டைப் பின் டேப்புக்கு மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர்

இந்த அடாப்டர் பி.டி. சார்ஜர் மாதிரி டேப்பைக் கேட்காது, 12 வோல்ட்டையே தள்ளும். 5 வோல்ட் டேப் என்றால் அங்கேயே காலி.

கேபிளில் மிச்சம் பிடிப்பது

உள்ளே முடி மாதிரி கம்பி வைத்த கேபிளில் வோல்டேஜ் வழியிலேயே விழும். டேப்பும் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். இன்னொரு கூத்து, மலிவான சில டேப்களில் டைப்-சி துளை இருக்கும், ஆனால் சார்ஜரிடம் தன்னை அடையாளம் காட்டும் ரெசிஸ்டரை உள்ளே வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் அது சார்ஜே ஏறாது. டேப் செத்துவிட்டது என்று கொண்டுவருவார்கள். ஒரு முனை பழைய அகல யுஎஸ்பி உள்ள கேபிளைப் போட்டால் உயிர் வந்துவிடும்.

சித்திரை வெயிலில் சார்ஜரைத் திட்டுவது

சூடேறினால் டேப்பே சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைக்கும். மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.

முத்திரையைப் பார்க்காமல் வாங்குவது

230 வோல்ட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவே இருப்பது சார்ஜருக்குள் உள்ள சின்ன டிரான்ஸ்பார்மர்தான். டூப்ளிகேட்டில் முதலில் கைவைப்பது அதன் இன்சுலேஷனில். இந்தியாவில் விற்கும் சார்ஜரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியும், ஆர் என்று தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அச்சடிப்பது யாராலும் முடியும் என்பதால் அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். வருகிற கம்பெனி பெயரும் பொருளும் கையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இதைக் கடையில் நின்றபடியே செய்யலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் டவுன்ஹால் ரோட்டில் அடுத்த கடை பத்தடி தூரம்தான்.