குளிசை ஒத்துவரவில்லையா? கிளினிக்குக்குப் போகமுன் செய்ய வேண்டியவை

பிறஷர், சீனி, கொலஸ்ட்ரோல் என்று ஏதாவது ஒன்றுக்குக் கிளினிக் குளிசை போடுகிறவர் ஒருவராவது இல்லாத வீடு எங்கள் திருகோணமலையில் குறைவு. புதுக் குளிசை தொடங்கியபின் உடம்புக்கு ஏதாவது செய்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். "இந்தக் குளிசை எனக்குச் சூடு" என்று ஆள் தானாகவே நிறுத்திவிடுவார். இல்லையென்றால், வந்த உபாதைக்கு இன்னொரு மருந்து வாங்கிப் போடுவார். இரண்டும் வேண்டாம்.

அம்மாவுக்குப் பிறஷருக்கு எனலாப்ரில் என்ற குளிசை தொடங்கியபின் வந்த வரட்டு இருமலோடு மல்லுக்கட்டியதில்தான் கீழே உள்ள முறையைப் பழகிக்கொண்டேன். கச்சான் காற்று, தூசி, ஃபேன், பழஞ்சோறு என்று எல்லாவற்றின் மேலும் பழி விழுந்தபிறகுதான் குளிசைப் பக்கம் கண் போனது. நான் டொக்டர் இல்லை. குளிசையை மாற்றுவது, குறைப்பது எல்லாம் அவர்கள் வேலை. அவர்களிடம் சரியான தகவலோடு போய் நிற்பது எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன். கிளினிக் கொப்பி கொடுப்பது, நம்பர் எடுப்பது, வரிசையில் நிற்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

படி 1: ஓட வேண்டியதா, எழுத வேண்டியதா?

உதடு, நாக்கு, முகம் வீங்குகிறது. மூச்சு இழுக்கிறது. உடம்பெல்லாம் தடித்துத் தலை சுற்றுகிறது. வாயும் கண்ணும் புண்ணாகி, தோல் கொப்பளித்து உரிகிறது. மலம் கன்னங்கரேலென்று போகிறது. கொலஸ்ட்ரோல் குளிசை போடுகிறவருக்குக் கடுமையான தசை நோவோடு சலம் பிளேன்டீ நிறத்தில் போகிறது. இதில் எது என்றாலும் கொப்பி எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. அடுத்த வேளைக் குளிசையைத் தொடாமல் 1990க்கு அடியுங்கள். வருகிற சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு கட்டத் தேவையில்லை. வீட்டில் உள்ள குளிசைப் பைகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போங்கள்.

எனலாப்ரில் வகைக் குளிசைகளில் இந்த உதடு, நாக்கு வீக்கம் மாதங்கள், ஏன் வருஷங்கள் கழிந்தும் வரக்கூடும். "இவ்வளவு காலம் போட்ட குளிசைதானே" என்று தள்ளிவிடாதீர்கள்.

சீனிக் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர் திடீரென்று வியர்த்து, நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் சீனி இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் திரும்பச் சோதியுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போடுகிறவர் தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், மறுபடி இறங்கும்.

மற்றதெல்லாம் எழுதக்கூடியவை.

படி 2: தானாக நிறுத்தாதீர்கள்

பிசோபுரோலோல், அட்டெனோலோல் போன்ற பிறஷர், இதயக் குளிசைகளைச் சட்டென்று விட்டால் நெஞ்சு படபடப்பு, நெஞ்சு நோ வரலாம். கிழமைக் கணக்கில் போட்ட பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையை ஒரே நாளில் விடக்கூடாது. வலிப்புக் குளிசையும் அப்படித்தான். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், இரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோகிரெலை விடுவது உயிரோடு விளையாட்டு. கிளினிக் தேதி தூரமாக இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டும் என்று சட்டமில்லை. கொப்பியோடு ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவு) போய்க் காட்டலாம்.

படி 3: குளிசையின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

சுலபமாகத் தெரிகிற இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கிளினிக்கில் குளிசைகளைச் சின்னக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள். சில பைகளில் பெயர் இருக்கும். சிலவற்றில் காலை ஒன்று, இரவு ஒன்று என்பதற்கான குறி மட்டும்தான். கிளினிக் கொப்பியில் டொக்டர் எழுதியது அவருக்கும் மருந்து கொடுப்பவருக்கும் மட்டும் விளங்கும். வீட்டுக்கு வந்து மேசையில் கொட்டினால் வெள்ளை வட்டம் மூன்று, மஞ்சள் ஒன்று. எது பிறஷர், எது சீனி?

"அந்த வெள்ளைக் குளிசை" என்று அடையாளம் வைப்பதில் பிரயோசனமில்லை. கம்பனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒரே குளிசை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நிறத்தில் வந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆகவே மருந்து எடுக்கும் யன்னலை விட்டு நகரமுன் ஒரு பேனையை நீட்டி, "பெயரையும் மில்லிகிராமையும் பையில எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். பின்னால் நிற்பவர் முறைப்பார், முறைக்கட்டும். வெளியே பாமசியில் வாங்கினால் அட்டையை வெட்டமுன் அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

உங்களுக்கு வேண்டியது மருந்தின் பொதுப்பெயர் (உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), கம்பனி வைத்த விற்பனைப் பெயர் இல்லை. பேராசிரியர் சேனக பிபிலேயின் யோசனையில் 1971இல் அரச மருந்துகள் கூட்டுத்தாபனம் தொடங்கிய நாளிலிருந்து இந்த நாட்டில் பொதுப்பெயருக்கு ஒரு தனி மரியாதை உண்டு, கிளினிக் கொப்பியிலும் அதைத்தான் எழுதுகிறார்கள். பாமசி அட்டையிலோ கம்பனிப் பெயர் கொட்டை எழுத்தில், பொதுப்பெயர் அதன் கீழே பொடி எழுத்தில். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல், கிளினிக்கில் பிறஷருக்குத் தந்த லொசார்டனையும் வெளியே வேறு பெயரில் வாங்கிய லொசார்டனையும் சேர்த்துப் போட்டுவிட்டுத் தலைச்சுற்றோடு படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது பக்கவிளைவே இல்லை, இரட்டை அளவு.

பெயர் கிடைத்ததும் அதன் வாலைப் பாருங்கள். "பிரில்" என்று முடிந்தால் (எனலாப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில்) வரட்டு இருமல் வரக்கூடிய குடும்பம். "டிப்பின்" (அம்லோடிப்பின், நிஃபெடிப்பின்) என்றால் கணுக்கால் வீக்கம். "ஓலோல்" என்றால் நாடி மெதுவாதல், கைகால் குளிர்தல், ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு. "ஸ்டற்றின்" (கொலஸ்ட்ரோல் குளிசைகள்) என்றால் தசை நோ. "சார்டன்" குடும்பத்தில் இருமல் மிகக் குறைவு. வாலை வைத்து நீங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டாம், எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்தால் போதும்.

படி 4: கொப்பியில் இரண்டு தேதி

நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்குங்கள். போன் செயலிகளை நானும் போட்டுப் பார்த்தேன். அம்மாவால் வாசிக்க முடியாத எழுத்து, டொக்டரிடம் காட்டப் போனால் திரை பூட்டிக்கொள்ளும். கொப்பிதான் திறம்.

இடது பக்கத்தில் குளிசையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி. வலது பக்கத்தில் உபாதை, அது தொடங்கிய தேதி, எந்த நேரம் கூடுகிறது. அளவு கூட்டியதும் புதிதாகத் தொடங்கியதும் ஒன்றுதான், அதற்கும் தேதி போடுங்கள். கடையில் வாங்கிய நோக் குளிசை, கசாயம், பாகற்காய்ச் சாறு, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விற்றமின் எல்லாம் இடது பக்கத்தில் வரவேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நேற்றுப் போட்ட குளிசைக்கு இன்றைக்கே விளைவு வரும் என்று நினைத்துப் போன கிழமையை மட்டும் தேடுவோம். பிறஷருக்கான பிரசோசின் முதல் குளிசையிலேயே ஆளைச் சாய்க்கலாம். சீனிக்கான மெட்ஃபோமின் தரும் வயிற்றோட்டம் முதல் நாட்களில் வரும். ஆனால் எனலாப்ரில் இருமல் கிழமைகள், மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். ஸ்டற்றின் தசை நோவும் அப்படியே. மெட்ஃபோமினால் விற்றமின் பி12 குறைந்து கால் விறைப்பது வருஷக்கணக்கில் நடக்கிற காரியம். அதனால் குறைந்தது ஆறு மாதத்தைத் திரும்பிப் பாருங்கள்.

தலைச்சுற்று என்றால் பிறஷர் மெஷின் ஒன்று இருப்பது நல்லது. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் கட்டுவதை வாங்குங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒரு அளவு, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்த எண்களை அப்படியே எழுதிக் காட்டுங்கள். "தலையைச் சுத்துது டொக்டர்" என்பதைவிட அது நூறு மடங்கு வேலை செய்யும்.

படி 5: மருந்துக்கு மேல் மருந்து போடாதீர்கள்

அம்மாவின் இருமலுக்கு மாமி ஒருவர் அதிமதுரம் அவித்துக் குடிக்கச் சொன்னார். தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் அதிமதுரம் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிறஷரை ஏற்றும். பிறஷருக்குப் போட்ட குளிசையால் இருமல், இருமலுக்குக் குடித்த கசாயத்தால் பிறஷர்! தடிமனுக்குக் கடையில் விற்கிற சில பாணிகளிலும் பிறஷரை ஏற்றும் சரக்கு உண்டு.

அம்லோடிப்பினால் கால் வீங்கினால் "தண்ணிக் குளிசை" (சலத்தைக் கூட்டுகிற பிரூசமைட் போன்றவை) கேட்டு வாங்கிப் போடுவது இன்னொரு வழக்கம். அந்த வீக்கம் உடம்பில் தண்ணீர் கூடியதால் வருவதில்லை. சின்ன இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் வருவது. பிரூசமைட் அதற்குச் சரிவராது, உப்புச் சத்து குறைந்து ஆள் தளர்வதுதான் மிச்சம். முழங்கால் நோவுக்கு டைக்குளோபினாக் போடுவோருக்கும் ஒரு சொல்: லொசார்டன் அல்லது எனலாப்ரிலோடும் தண்ணிக் குளிசையோடும் அது சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு.

படி 6: டொக்டர் முன்னால்

கதிரையில் இருக்கக் கிடைப்பது கொஞ்ச நேரம். ஊர்க்கதை வேண்டாம். எந்தக் குளிசை எப்போது தொடங்கியது, உபாதை எப்போது தொடங்கியது, இடையில் வேறு என்ன போட்டீர்கள். அவ்வளவுதான். டொக்டருக்குத் தமிழ் வராவிட்டாலும் மருந்துப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி இரண்டு தேதியையும் பக்கத்தில் போட்டிருந்தால் மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டியதில்லை.

அம்மாவின் முறை வந்தபோது நான் கொப்பியை விரித்து வைத்தேன்.

"அம்மா, சளி வருதா?"

"இல்லை டொக்டர், வரட்டு இருமல். இரவிலதான் கூட. படுக்க விடுதில்லை."

அவர் இரண்டு தேதியிலும் பேனையை வைத்துப் பார்த்தார், நெஞ்சைச் சோதித்தார், எனலாப்ரிலை வெட்டி லொசார்டன் எழுதினார்.

"குளிசை வேண்டாம்" என்று தொடங்காமல் இந்த மூன்றையும் கேளுங்கள்: அளவைக் குறைக்கலாமா, நேரத்தை மாற்றலாமா, இதற்குப் பதில் வேறு இருக்கிறதா? பல உபாதைகள் முதல் இரண்டிலேயே அடங்கும். மெட்ஃபோமினைச் சாப்பாட்டோடு எடுத்து, மெதுவாக அளவைக் கூட்டினால் வயிறு பழகிக்கொள்ளும், மெல்லக் கரையும் வகையும் உண்டு. பிரூசமைட்டைக் காலையில் போட்டால் இரவு முழுக்கக் கக்கூசுக்கு ஓடத் தேவையில்லை. பிரசோசின் முதல் வேளையைப் படுக்கப் போகும்போது போடச் சொல்வார்கள். அம்லோடிப்பின் பத்திலிருந்து ஐந்தானால் கால் வீக்கம் பெரும்பாலும் வற்றும்.

மாற்றிய மறுநாளே இருமல் நிற்கும் என்று பார்த்திருக்காதீர்கள். வழக்கமாக ஒன்று முதல் நாலு கிழமை எடுக்கும், சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும். அம்மா முதல் கிழமையிலேயே "இதுவும் சரியில்லை" என்று முகத்தைச் சுழித்தார். பொறுத்திருந்தோம், போய்விட்டது.

படி 7: முதல் பக்கத்தில் சிவப்பு மையால்

ஒத்துவராத மருந்தின் பெயரையும் என்ன செய்தது என்பதையும் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். "அலர்ஜி" என்று மொட்டையாக எழுதினால் போதாது. பென்சிலினில் உடம்பு தடித்ததும் எனலாப்ரிலில் இருமல் வந்ததும் ஒன்றல்ல. முதலாவது உயிருக்கு ஆபத்தாகலாம், இரண்டாவது தொல்லை. கடுமையான, வழமைக்கு மாறான விளைவு என்றால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு அறிவிக்க ஒரு படிவம் உண்டு, டொக்டரிடமோ பாமசிக்காரரிடமோ நிரப்பி அனுப்பச் சொல்லலாம்.

பின்சேர்க்கை 1: வயல் செய்கிற ஒருவர் கேட்டிருந்தார், எலிக்காய்ச்சல் வராமலிருக்கத் தந்த டொக்சிசைக்கிளின் போட்டால் நெஞ்செரிச்சல் தாங்கவில்லையாம். வரம்புக்கு இறங்கும் அவசரத்தில் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினால் அது தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். சாப்பிட்டபின், ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருங்கள். பால், இரும்புச் சத்துக் குளிசை, வயிற்றெரிவுக்கான வெள்ளைப் பாணி இவற்றோடு சேர்த்துப் போட வேண்டாம். வெயிலில் தோல் எரியவும் செய்யும், முழுக்கைச் சட்டை நல்லது.

பின்சேர்க்கை 2: சத்தியும் வயிற்றோட்டமுமாக இருக்கும் நாளில் வழக்கமான குளிசைகளைப் போடலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். தண்ணிக் குளிசை, எனலாப்ரில் அல்லது லொசார்டன், மெட்ஃபோமின் இந்த மூன்றும் உடம்பு வற்றிய நேரத்தில் தொந்தரவு தரக்கூடியவை. அன்று எதை நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை நன்றாக இருக்கும் நாளிலேயே கிளினிக்கில் கேட்டு, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை 3: விரதம் பற்றிய கேள்வி. கந்தசஷ்டியோ ரமழான் நோன்போ, சீனிக் குளிசை போடுகிறவர் சாப்பாட்டு நேரத்தை மாற்றினால் குளிசை நேரமும் அளவும் மாறவேண்டும். விரதம் தொடங்கச் சில கிழமைக்கு முன்னரான கிளினிக்கில் கேளுங்கள். தொடங்கிய பிறகு வந்து கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை.