நீந்தியதும் கடந்ததும்: ஆங்கிலத்தில் அசைவைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'அவன் ஆற்றை நீந்திக் கடந்தான்.' இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம்மில் பலர் 'ஹி கிராஸ்ட் த ரிவர் பை ஸ்விம்மிங்' என்போம். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர் பெரும்பாலும் அப்படிச் சொல்ல மாட்டார். 'ஹி ஸ்வாம் அக்ராஸ் த ரிவர்', அவ்வளவுதான்.

'கடந்தான்' எங்கே போயிற்று? 'அக்ராஸ்' என்ற சின்னச் சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எப்படி நகர்ந்தான் என்பதைத் தமிழ் வினையெச்சத்தில் வைக்கிறது: நீந்தி. எந்தப் பக்கம் போனான் என்பதை முற்றில் வைக்கிறது: கடந்தான். ஆங்கிலத்தில் இது தலைகீழ். நீந்தியதுதான் அங்கே முதன்மை வினை, கடந்தது அதன் பின்னால் வரும் ஒட்டு. லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985-இல் இந்த வேறுபாட்டை விரிவாக எழுதினார். ஸ்பானியம் போன்ற மொழிகள் போகும் பாதையை வினைக்குள்ளேயே அடக்கிவிடும். ஆங்கிலம் அதை வினைக்குப் பக்கத்தில் நிறுத்தும். தமிழ் இந்த விஷயத்தில் ஸ்பானியத்தின் கட்சி.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறுகள் தானாக விலகும். எச்சத்தை எடுத்து வினையாக்குங்கள், முற்றை எடுத்துச் சின்னச் சொல்லாக்குங்கள். உருண்டு இறங்கியது: 'ரோல்ட் டவுன்'. தவழ்ந்து நுழைந்தது: 'கிரால்ட் இன்'. குதித்துத் தாண்டியது: 'ஜம்ப்ட் ஓவர்'.

கொஞ்சம் நீளமான ஒன்றைப் பார்ப்போம். எலி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே ஓடிவந்து, தரையைக் கடந்து, சமையலறைக்குள் புகுந்தது. தமிழுக்கு ஓடிவந்து, கடந்து, புகுந்தது என்று அடுத்தடுத்து வினைகள் தேவைப்படுகின்றன. ஆங்கிலமோ 'த மவுஸ் ரேன் அவுட் ஃப்ரம் அண்டர் த பெட், அக்ராஸ் த ஃப்ளோர் அண்ட் இன்டு த கிச்சன்' என்று ஒரே ஓட்டத்தில் முடித்துவிடும். வினை ஒன்றுதான். மிச்சமெல்லாம் சின்னச் சொற்கள் கைமாற்றிக் கைமாற்றி எலியைச் சமையலறை வரை கொண்டுபோய் விடுகின்றன. 'அவுட் ஃப்ரம் அண்டர்' என்று மூன்று ஒட்டாக நிற்பதைப் பார்த்துப் பிழை என்று நினைக்க வேண்டாம். கட்டிலின் அடியிலிருந்து என்பதால்தான் அங்கே 'ஃப்ரம்' வந்தது. சாதாரணமாக அறையை விட்டு வெளியே வந்தால் 'கேம் அவுட் ஆஃப் த ரூம்'. நாம் 'இருந்து' என்று நினைத்துக்கொண்டு 'அவுட் ஃப்ரம் த ரூம்' என்று போட்டுவிடுகிறோம்.

அடுத்தது எதிர்த்திசைத் தவறு. பிரெஞ்சு, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சில வினைகள் தமிழ் வினைகளைப் போலவே பாதையை வயிற்றில் வைத்திருக்கின்றன. 'என்டர்' என்றாலே உள்ளே போவது, 'ரிட்டர்ன்' என்றாலே திரும்புவது, 'டிசெண்ட்' என்றாலே இறங்குவது. அவற்றோடு 'என்டர் இன்டு த ரூம்', 'ரிட்டர்ன் பேக்', 'டிசெண்ட் டவுன்' என்று சேர்ப்பது உள்ளே நுழைந்து உள்ளே போன கதைதான். (ஒப்பந்தத்தில் இறங்குவதற்கு மட்டும் 'என்டர் இன்டு' சரி.) 'ரிட்டர்ன் பேக்' நானே வருடக்கணக்காக எழுதியது, யாரும் திருத்தவில்லை. 'ரீச்' வினைக்குத் தமிழ் நான்காம் வேற்றுமையை நினைத்து 'டு' போடுவதும் இதே ரகம். 'ரீச் த ஸ்டேஷன்' போதும்.

'ஹோம்', 'ஹியர்', 'தேர்', 'அப்ராட்' இவற்றுக்கு முன்னாலும் 'டு' வேண்டாம். 'கோ ஹோம்', 'கோ அப்ராட்'.

அப்புறம் இறங்குவது. ஏணி, மரம் என்றால் 'கெட் டவுன்' பொருந்தும். பஸ்ஸிலிருந்து இறங்க 'கெட் ஆஃப்', காரிலிருந்து இறங்க 'கெட் அவுட் ஆஃப்'. நமக்கு எல்லாமே 'இறங்கு' என்பதால் 'கெட் டவுன்' வாயில் வந்துவிடுகிறது. உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானம், கப்பலுக்கும், காலை இரு பக்கம் போட்டு உட்காரும் சைக்கிள், குதிரைக்கும் 'ஆன்', 'ஆஃப்'. குனிந்து நுழைந்து உட்காரும் காருக்கு 'இன்', 'அவுட் ஆஃப்'.

'வழியாக' என்ற நம் சொல் இன்னொரு கண்ணி. காட்டு வழியாக என்றால் சுற்றிலும் மரங்கள் சூழ்ந்திருப்பதால் 'த்ரூ'. கரை வழியாக என்றால் நீளவாக்கில் போவதால் 'அலாங்'. திறந்த வெளியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு என்றால் 'அக்ராஸ்'. 'இன்', 'இன்டு' வித்தியாசம் அவ்வளவு கஷ்டமில்லை: அறையில் நடந்தான், அறைக்குள் நடந்து போனான்.

கடைசியாக, ஒரே சொல் இரண்டு வேலை செய்யும் இடம். மலைச்சரிவில் உருள்வதும் 'ரோல் டவுன் த ஹில்', கார்க் கண்ணாடியை இறக்குவதும் 'ரோல் டவுன் த விண்டோ'. பார்க்க ஒரே அச்சு. பெயருக்குப் பதில் 'இட்' போட்டுப் பாருங்கள், குட்டு வெளிப்படும். சரிவு என்றால் 'ரோல் டவுன் இட்'. 'டவுன்' அங்கே சரிவோடு ஒட்டிய முன்னிடைச்சொல். கண்ணாடி என்றால் 'ரோல் இட் டவுன்'. இங்கே 'டவுன்' வினையோடு ஒட்டியது, அதனால் 'இட்' நடுவில் நுழைந்தே ஆக வேண்டும். 'டேக் அவுட் இட்', 'புட் டவுன் இட்' என்று நாம் தடுமாறுவதெல்லாம் இந்தக் கண்ணாடி வகையில்தான்.