மைக்ரோகண்ட்ரோலர் குறியீட்டை வரையும்போது

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்பு மோட்டார்களுக்குத் தானியங்கிப் பலகை வடிவமைக்கும் நம் மாணவர்கள், சுற்றுப்படம் வரையும் கிகேட் மென்பொருளில் மைக்ரோகண்ட்ரோலரின் (நிரல்படி இயங்கும் கட்டுப்பாட்டுச் சிப்பின்) குறியீட்டை, அதாவது சுற்றுப்படத்தில் அதைக் குறிக்கும் படத்தை, தாமே வரையும்போது, சிப்பில் உள்ள வரிசைப்படியே பின்களை (கால்களை)ச் சுற்றிலும் அடுக்கிவிடுகிறார்கள். சுற்றுப்படம் படிப்பதற்கானது என்பதால், மின்வழங்கல் பின்களை மேலும் கீழும், ரீசெட் (மறுதொடக்க) பின்னையும் கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டலுக்கான பின்களையும் இடப்புறமும், போர்ட்டுகளை (உள்ளீடு, வெளியீட்டுப் பின்களை) வலப்புறமும் வைப்பதே நல்லது.

பின் எண்களை உறை வகை பார்த்தே இட வேண்டும். ஏடிமெகா328பி சிப்பின் 28 கால் டிப் உறையில் (துளையில் செருகும் வகை) விசிசி எனும் மின்வழங்கல் 7ஆம் பின். 32 கால் டிக்யூஎஃப்பி உறையிலோ (பலகையின் மேற்பரப்பில் பற்றவைக்கும் வகை) 4, 6 என இரண்டு பின்கள். அந்த இரு பின்களையும் வெளிப்படையாகவே காட்டுங்கள். மறைத்து வைத்த ‘பவர் இன்புட்’ (மின்சாரம் பெறும்) பின் தன் பெயருள்ள நெட்டுடன் (மின் இணைப்புடன்) தானாகவே இணைந்துவிடும் என்பதால், 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் சேர்ந்துள்ள பலகையில் அது வில்லங்கத்தையே தரும்.

போர்ட் பின்களுக்கு ‘பைடைரக்ஷனல்’ (இருவழி) வகையைக் கொடுங்கள். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் ‘பாஸிவ்’ (திசை குறிக்காத வகை) என விட்டால், ஈஆர்சி எனும் மின் இணைப்பு விதிச் சோதனை பெரும்பாலான தவறுகளைக் கண்டுகொள்ளாது. பின் நுனிகள் 50 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கட்டத்தில் அமையாவிட்டால், ஒயர் தொட்டதுபோலத் தெரியும், ஆனால் இணைந்திருக்காது.