யார்க் நகரின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை எந்த வரிசையில் பார்ப்பது?

இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மின்ஸ்டர் தேவாலயத்தின் பெரிய கிழக்கு ஜன்னல் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரே ஊருக்குள் இந்தக் கலை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஆனால் பழையதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பைனாகுலர் கட்டாயம்.

முதலில் மின்ஸ்டரின் வடக்குப் பக்கம் இருக்கும் 'ஐந்து சகோதரிகள்' ஜன்னல். 1250களை ஒட்டிய வேலை, உயரம் சுமார் 16 மீட்டர். கிட்டத்தட்ட முழுவதும் சாம்பல் சாயல் கண்ணாடியில் வரைந்த இலைக்கொடிகள்தான், நடுநடுவே கொஞ்சம் சிவப்பு, நீலம். நிறம் மாறும் இடத்திலெல்லாம் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டை ஓடுவதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் துண்டு வெட்டித்தான் ஆகவேண்டும்.

அப்புறம் மஞ்சளைத் தேடுங்கள். 1310 வாக்கில் யார்க்குக்கு ஒரு புது உத்தி வந்தது: வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் பின்பக்கம் பூசிச் சூளையில் சுட்டால் மஞ்சள் ஏறும். அதனால் ஒரே துண்டில் முகம் வெள்ளையாகவும் தலைமுடி பொன்னாகவும், நடுவில் ஈயமே இல்லாமல், வந்துவிடுகிறது! நடுக்கூடத்தின் வடபுறத்துக் கேடய ஜன்னலில் இதைப் பார்த்துவிட்டு, பிறகு கண்ணாடிக் கலைஞர் ஜான் தார்ன்டன் 1405 முதல் 1408 வரை செய்த கிழக்கு ஜன்னலுக்கு வாருங்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணாடிப் பலகங்கள், மொத்தக் கூலி 56 பவுண்டு. உலகத்தின் தொடக்கமும் முடிவும் அதில் இருக்கின்றன.

சரி, வெளியே வாருங்கள், நார்த் தெருவின் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள், என்னைக் கேட்டால் மின்ஸ்டரைவிட இங்கேதான் கண்ணாடி நம்மோடு பேசுகிறது. உலகின் கடைசிப் பதினைந்து நாட்களைக் காட்டும் ஜன்னலைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்: முதல் நாள் கடல் பொங்குகிறது, கடைசி நாள் எல்லாம் எரிகிறது. தேவதூதர்கள் ஜன்னலில், கூட்டத்துக்குள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரையும் தேடிப் பாருங்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் பெக்கிட் கண்ணாடியை ஓவியத் துணி மாதிரி எண்ணி, எனாமல் வண்ணங்களை மேலே தீட்டினார். அவருடைய ஜன்னல்கள் மின்ஸ்டரின் தெற்குப் பக்கத்தில் இருக்கின்றன. திறமை தெரிகிறது, ஆனால் ஒளி மங்கிவிட்டது என்பதே என் எண்ணம்.

கடைசியாக கோனி தெருவின் செயின்ட் மார்ட்டின். 1942 குண்டுவீச்சில் தேவாலயம் எரிந்தது, முன்கூட்டியே கழற்றி வைத்ததால் பதினைந்தாம் நூற்றாண்டு ஜன்னல் பிழைத்தது. அதோடு ஹாரி ஸ்டாமர்ஸ் செய்த இருபதாம் நூற்றாண்டுக் கண்ணாடியும் அங்கேயே இருக்கிறது. இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். மின்ஸ்டரின் கிழக்கு ஜன்னலுக்கு மட்டும் காலை வெயில் வேண்டும், அதற்கேற்ப நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.