பைப்பர் கப் மாதிரி விமானத்துக்கு இடப்பக்கம் ஒரு கதவு

பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய சிறு விமானத்துக்கு வலப்பக்கம் மட்டுமே கதவு. மேல்பாதி இறக்கையை நோக்கி மடியும். கீழ்பாதி வெளியே தொங்கும். அதன் நான்கில் ஒரு பங்கு அளவு மாதிரியை, 2.68 மீட்டர் இறக்கையோடு, கோலாலம்பூர் செந்தூல் வீட்டின் பின்கட்டில் பால்சா மரத்தில் கட்டினேன். அந்த ஒற்றைக் கதவுக்குள் கைவிட்டு இடப்பக்க சர்வோவின் (சுக்கான்களை அசைக்கும் சிறு மோட்டார்) கம்பியைத் தடவித் தடவி அலுத்துப்போய்த்தான் இரண்டாவது கதவில் இறங்கினேன்.

அசல் விமானம் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து ரம்பத்தை எடுக்க வேண்டாம். அதன் உடல் பற்றவைத்த எஃகுக் குழாய். கதவு வெட்ட விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்.

முதல் வேலை, வலக்கதவைத் தாளில் படியெடுத்துத் திருப்பி இடப்பக்கம் ஒட்டுவது. கீழ்பாதி திறக்கும்போது இறக்கைத் தாங்கியில் இடிக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு மேலுறையை உரியுங்கள்.

இப்போது கதவுக்குக் குறுக்கே ஒரு சாய்வுச் சட்டம் தெரியும். வலப்பக்கத்தில் அது இல்லையே, இங்கு மட்டும் எதற்கு என்று நான் அதை முதலில் அறுத்தேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். வால் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. வலப்பக்கத்தில் கதவைச் சுற்றியுள்ள நிலையே அந்தச் சாய்வுச் சட்டத்தின் வேலையைச் செய்கிறது என்பது அதன் பிறகுதான் உறைத்தது. சட்டத்தைத் திரும்ப ஒட்டி நேராக்க மூன்று இரவுகள் போயின.

ஆகவே, முதலில் நிலை. 3 மி.மீ. பிளைவுட்டில் 12 மி.மீ. அகலச் சட்டமாக, மூலைகளை வளைவாக விட்டு ஒரே துண்டாக வெட்டி உட்புறம் ஒட்டுங்கள். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம், அதிர்வில் விட்டுவிடும். அரைமணி நேர எபோக்சிதான் என் கட்சி. துணி கிளிப்புகளால் இறுக்கி இரவு முழுவதும் விடுங்கள்.

மறுநாள், இறக்கை அமரும் இடத்தில் ஒரு நேர்க்குச்சி, வால் இறக்கை அமரும் இடத்தில் இன்னொன்று. பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாக இருந்தால் மட்டும் சாய்வுச் சட்டத்தை மெல்லிய ரம்பத்தால் எடுங்கள். எடுத்த பிறகும் ஒருமுறை பாருங்கள்.

கதவு செய்வது எளிது. கீல், காந்தம், அவ்வளவுதான். காந்தத்தை ஒட்டுமுன் எந்த முகம் ஈர்க்கிறது என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். என் முதல் கதவு தன்னைத்தானே தள்ளித் திறந்துகொண்டது.

பின்சேர்க்கை: பினாங்கிலிருந்து ஒருவர், மழை நாளில் கதவு இறுகிவிட்டதாக எழுதியிருந்தார். மரம் நார் ஓடும் திசையில் அவ்வளவாக நீளாது, குறுக்கேதான் ஊதும். கதவின் நார் மேலும் கீழுமாக ஓடினால் பக்கவாட்டில் இரு பக்கமும் ஒன்றரை மி.மீ. இடைவெளி விடுங்கள், வெட்டு முனைகளுக்கு வார்னிஷ் பூசுங்கள். கடைசியில் எடைச்சமநிலையையும் பாருங்கள். எனக்கு மூக்கில் 30 கிராம் ஈயம் கூடுதலாகத் தேவைப்பட்டது.