ஹோம் ரன் தூரம்: அளந்தது எவ்வளவு, அளந்து விட்டது எவ்வளவு?

பேஸ்பால் பார்க்கத் தொடங்கினால் ஒரு விஷயம் சீக்கிரமே இடிக்கும். இன்றைக்கு யாராவது பிரமாதமாக ஒரு ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டிப் பறக்கும் அடி) அடித்தால் திரையில் 450 அடி, மிஞ்சினால் 480 அடி என்று வரும். பழைய கதைகளைப் புரட்டினாலோ 565, 643, 734! அந்தக் காலத்து ஆட்கள் என்ன சாப்பிட்டார்கள்?

சாப்பாட்டில் ஒன்றுமில்லை, அளந்த விதத்தில்தான் வித்தியாசம். எந்தத் தூரக் கணக்கையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு காகிதமும் போனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: எந்தப் புள்ளி வரை அளந்தார்கள்?

ஒரே ஹோம் ரனுக்கு மூன்று தூரங்கள் உண்டு. பந்து எதன் மீதாவது மோதிய இடம் வரை ஒன்று. வழியில் ஸ்டாண்டோ சுவரோ இல்லாமல் மைதானத்தின் தரை மட்டத்துக்கே வந்து விழுந்திருந்தால் எவ்வளவு என்பது இரண்டாவது. உருண்டு போய் யாரோ பொறுக்கி எடுத்த இடம் வரை மூன்றாவது. இப்போது டிவியில் காட்டுவது இரண்டாவது. பழங்கதைகளில் பெரும்பாலும் மூன்றாவதுதான் இரண்டாவதாக வேஷம் போட்டு நிற்கும்.

643 அடி என்பதைப் பாருங்கள். 1960-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டில் டெட்ராய்ட்டில் அடித்த பந்து கூரையைத் தாண்டி, தெருவுக்கு அப்பால் இருந்த மரக்கடைக்குப் போனது. தூரத்தை அளந்தது அன்றைக்கு இல்லை, சுமார் 25 ஆண்டுகள் கழித்து! பந்து கிடந்த இடம் என்று சொல்லப்பட்ட புள்ளியை வைத்துப் போட்ட கணக்கு அது.

இதற்கு நேர் எதிர், பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் இருக்கும் ஒற்றைச் சிவப்பு இருக்கை. பகுதி 42, வரிசை 37, எண் 21. 1946-ல் பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியைத் துளைத்துத் தலையில் பட்டது. அணி சொல்லும் கணக்கு 502 அடி. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், ஆனால் இருக்கை உருண்டு ஓடாது.

படி 2: மோதிய இடத்தின் தூரமும் உயரமும்

இதற்கு 1953 ஏப்ரல் 17-ஐ எடுத்துக்கொள்வோம். வாஷிங்டனின் கிரிஃபித் ஸ்டேடியம், பந்து வீசியவர் சக் ஸ்டாப்ஸ், அடித்தவர் அதே மேன்டில். பந்து இடப்பக்க ஸ்டாண்டைத் தாண்டி, பின்சுவர் மேல் இருந்த பலகையில் உரசி, மைதானத்துக்கு வெளியே போய்விட்டது.

யாங்கீஸ் அணியின் விளம்பரப் பொறுப்பாளர் ரெட் பேட்டர்சன் வெளியே போனார். ஒரு சிறுவன் கையில் பந்தோடு நின்றான். அவன் காட்டிய வீட்டுக் கொல்லையிலிருந்து கணக்குப் போட்டார்: வேலி வரை 391, அங்கிருந்து பின்சுவர் வரை 69, சுவரிலிருந்து கொல்லை வரை 105. ஆக மொத்தம் 565 அடி. 'டேப் மெஷர் ஹோம் ரன்' என்ற சொல் பிரபலமானதே இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், டேப் எதுவும் பிடிக்கவில்லை, காலால் நடந்துதான் அளந்தேன் என்று பேட்டர்சனே பிறகு ஒப்புக்கொண்டார்.

சரி, சிறுவனை விட்டுவிடுவோம். உறுதியாகத் தெரிவது, சுமார் 460 அடி தொலைவில் 60 அடி உயரத்தில் பந்து பலகையைத் தொட்டது என்பது மட்டும்.

படி 3: மிச்சத்தைக் கூட்டுங்கள்

காற்றின் தடையால் பந்து ஏறுவதைவிடச் செங்குத்தாக இறங்கும். பெரிய ஹோம் ரன் இறங்கும் கோணத்தை 45 டிகிரி என்று வைத்தால் கணக்கு சுலபம்: உயரம் எவ்வளவோ அதையே தூரத்தோடு கூட்டுங்கள். 460 + 60 = 520. இன்னும் செங்குத்தாக, 50 டிகிரியில் இறங்கியது என்றால் 60 அடிக்குப் பதில் 50 அடி சேரும். 510. இயற்பியலாளர் ராபர்ட் அடெய்ரின் கணிப்பும் 500-ஐ ஒட்டித்தான் இருந்தது. அப்படியும் அசுர அடிதான். அன்றைக்குப் பலத்த காற்று வேறு வெளிப்பக்கமாக வீசியது.

படி 4: 'இன்னும் ஏறிக்கொண்டிருந்தது' என்றால் உஷார்

734 பிறந்தது இப்படித்தான். 1963-ல் மேன்டில் அடித்த பந்து யாங்கீ ஸ்டேடியத்தின் மேல்கூரை விளிம்பில் மோதித் திரும்பியது. மோதியபோது ஏறிக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அதை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் எங்கேயோ போய் நிற்கிறது. கீழே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு, 100 அடிக்கு மேலே பறக்கும் பந்து ஏறுகிறதா, சமமாகப் போகிறதா என்பது லேசில் பிடிபடாது.

படி 5: வேகத்தை வைத்து ஒரு சோதனை

மனதில் வைக்க ஒரு கணக்கு. மணிக்கு 100 மைல் வேகத்தில், 28 டிகிரி வாக்கில் மட்டையை விட்டுக் கிளம்பும் பந்து சுமார் 400 அடி போகும். வேகம் ஒரு மைல் கூடினால் தூரம் ஏறத்தாழ 5 அடி கூடும். (காற்றே இல்லாத உலகமாக இருந்தால் அந்த 400, 550-ஐத் தாண்டும்.) இதன்படி 734 அடிக்கு மணிக்கு 167 மைல் வேண்டும். பந்தின் வேகத்தையும் பாதையையும் அளக்கும் ஸ்டாட்காஸ்ட் கருவிகளின் பதிவுகளில் உச்சமே 122-ஐ ஒட்டித்தான்.

பின்காற்று, வெயில், மைதானத்தின் உயரம் எல்லாம் இதில் கொஞ்சம் கூட்டும். 5 மைல் வேகப் பின்காற்று 20 அடிக்குச் சற்றுக் குறைவாகச் சேர்க்கும். கடல் மட்டத்திலிருந்து 5,200 அடி உயரத்தில் இருக்கும் டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் தூரம் சுமார் 5 சதவீதம் கூடும்.

அப்புறம், இன்றைய எண்கள்?

2015-லிருந்து எல்லா மேஜர் லீக் (பேஸ்பாலின் உச்ச நிலைப் போட்டி) மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் இருக்கிறது. முதலில் ரேடார், 2020 முதல் கேமராக்கள். இதுவும் முழுக்க அளவு இல்லை. பந்து மோதும் வரைதான் தெரியும், மீதிப் பாதையைக் கணினி நீட்டிக்கிறது. நாம் படி 3-ல் செய்ததையே இன்னும் நுணுக்கமாக. 2018-ல் கூர்ஸ் ஃபீல்டில் டிரெவர் ஸ்டோரி 505 அடி, 2019-ல் டெக்சாஸில் நோமர் மசாராவும் அதே 505. அதற்கடுத்த ஐந்து ஆண்டுகளில் யாரும் இதைத் தாண்டவில்லை.

ஒரு பயிற்சி தருகிறேன். 1919-ல் அந்தக் கால ஜாம்பவான் பேப் ரூத் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் 587 அடி அடித்ததாக அங்கே ஒரு பலகையே வைத்திருக்கிறார்கள். கால்குலேட்டரை எடுக்க வேண்டாம், முதல் படியிலேயே நின்று கேளுங்கள்: அது விழுந்த இடமா, எடுத்த இடமா?